பனிநாட்டில் இன்னொருவன்

தாட்சாயிணி பகல் முழுக்கக் கஸ்டமர் கேரில் முகம் தெரியாதவர்களின் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்பவள். வீடு திரும்பியதும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பனிநாட்டுக்குள் போய்விடுவாள். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய பழைய வீடியோ கேம் அது. அங்கே பேச யாரும் இல்லை. அவள் எதையும் ஜெயிக்க முயன்றதுமில்லை. மலையடிவாரத்தில் நடப்பாள், உறைந்த ஏரியின் கரையில் நிற்பாள், அவ்வளவுதான்.

அவள் கணவன் பரணிக்கு அது மனதை உறுத்தியது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நண்பர்களோடு கூட்டமாக ஆடுகிறவன் அவன். "ஊரே ஒண்ணா ஆடுது, நீ மட்டும் ஏன் அநாதை மாதிரி சுத்துற?" என்பான்.

அவள் பிறந்தநாளன்று பழைய கேமை அழித்துவிட்டு, அதன் புதிய ஆன்லைன் பதிப்பை ஏற்றிவைத்தான்; மைக் வைத்த ஹெட்போன் ஒன்றையும் அவளுக்கு மாட்டிவிட்டான். அவள் ஏரிக்கரைக்குப் போனபோது அங்கே ஒருவன் நின்று கையசைத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த பரணியின் குரல் ஹெட்போனில் கேட்டது.

"நான்தான் தாட்சா. இனிமே நீ இங்க தனியா இருக்க வேணாம்."

அந்தக் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. போய்விடு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் முன்னால் நடந்தான். அவள் எப்போதும் ஒதுங்கி வழிவிடும் கிழட்டு ஓநாயை ஒரே அம்பில் சாய்த்தான்.

"பயப்படாம வா. நாளைக்கு என் ஃபிரெண்ட்ஸும் வர்றாங்க. இங்க ஒரு கோட்டையே கட்டிடலாம்."

ஓநாயின் அருகே அவள் நின்றுவிட்டாள். அதன்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

"என்ன, சத்தமே காணோம்? மைக் ஆஃப்ல இருக்கா?"

"இல்லங்க," என்றாள். "ஆன்லதான் இருக்கு."