காலை அழைப்பு

இறந்த தலைவர்களின் குரலைக் கணினியில் உருவாக்கி வீட்டுக்கு வீடு போன் போட்டு ஓட்டுக் கேட்கும் வித்தையை, எங்கள் சதுப்புநில மீட்புக் குழு கட்சிகளிடமிருந்து கற்றுக்கொண்டது. சதுப்புநிலத்தில் நிற்கும் ஆலையின் புகையில் நுரையீரல் கெட்டு இறந்த என் மனைவி சுகிர்தாவின் குரல் தினமும் காலையில் எம்.எல்.ஏ.வை அழைக்கும். குடும்பத்தார் என்பதால் நானும் லைனில் இருந்து கேட்கலாம்.

"அண்ணே, சாப்டீங்களா? ஆலைய மூடுற மசோதாவுக்கு ஓட்டுப் போடுவீங்கல்ல?"

"பாக்கலாம்மா" என்பார். நான் நிம்மதியாக வேலைக்குக் கிளம்புவேன்.

இன்று அவர் பதில் மாறியது. "முடியலம்மா. உன் பேச்சக் கேட்டா சோறு எறங்க மாட்டேங்குது. ஓட்டுப் போடுறேன், போதுமா?"

"ரொம்ப சந்தோசம்ணே. இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்."

அழைப்பு நின்றது. குழுவின் அருள்தாஸ் உடனே கூப்பிட்டார். "தோழர், ஜெயிச்சிட்டோம்! ஆபீசுக்கு வாங்க, லட்டு தீர்ந்துடும்."

வருவதாகச் சொல்லிவிட்டு எம்.எல்.ஏ.வின் எண்ணை அழுத்தினேன்.

"அண்ணே, சுகிர்தா வீட்டுக்காரர் பேசுறேன். நீங்க ஓட்டுப் போடுங்க. ஆனா அவகிட்ட மட்டும் திருப்பிக் கூப்பிட்டு, இன்னும் யோசிக்கிறேன்னு சொல்லிடுங்களேன்."