ஹட்சியானிஸ் என்கிற பெயர்

பீலிக்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டோர்ட்மண்ட் பதிவு அலுவலகத்தின் நடைவழியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் பதிவு அதிகாரியைச் சந்திக்க டெர்மின். மகள் கொறற்றியின் மடியில் கல்யாணப் பதிவுப் படிவம். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் குடும்பப் பெயர் என்ன என்ற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

மாப்பிள்ளை நிக்கோஸ் கிரேக்கப் பையன். அவன் பெயரான ஹட்சியானிஸை எழுதத்தான் அவளுக்கு ஆசை. அப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார்.

"சவரிமுத்து எண்டுதான் எழுத வேணும். இல்லாட்டி நான் உள்ளுக்கு வரமாட்டன்."

ஆண்பிள்ளை இல்லாத மனுசனின் வீம்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். மனைவி யோசப்பீன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி ஸ்டெலியோஸ் சமாதானம் பேச வந்தார். வந்தவர், ஜெர்மனில் தன் பெயரின் கதையை எடுத்துவிட்டார். ஒரு காலத்தில் யானிஸ் என்பவர் ஜெருசலேம் போய், யோர்தான் ஆற்றில் முழுகி வந்தாராம். அதற்கு ஊர் கொடுத்த பட்டம்தான் ஹட்சி.

அடேயப்பா, பெரிய பரம்பரைதான் என்று பீலிக்ஸ் மனதுக்குள் கறுவினார்.

ஆனால் ஸ்டெலியோஸ் சிரித்தார். அது தங்கள் பரம்பரையே இல்லையாம்.

1922இல், போரில் ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது அவருடைய அப்பாவுக்குப் பத்து வயது. யாருமில்லாமல் துறைமுகத்தில் நின்ற பிள்ளையை, முன்பின் தெரியாத ஒரு ஹட்சியானிஸ் இரண்டு நாள் கூடவே வைத்திருந்து, படகில் தூக்கிப் போட்டார். ஆண்களை ஏறவிடவில்லை. அவரைச் சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கரையில், கிரேக்கத்தில், பெயர் கேட்டபோது, பிள்ளை அவருடைய பெயரையே சொன்னது.

பாவம், அந்த மனுசனுக்கு வேறு யாருமில்லை, அதனால்தான் நாங்கள் அதை விடவில்லை என்றார் ஸ்டெலியோஸ்.

பீலிக்ஸ் நடப்பதை நிறுத்தினார். மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, சவரிமுத்து என்ர தகப்பன்ர பேரில்லை. எண்பத்துநாலிலை கொழும்பிலை ஒருத்தன் தன்ர பாஸ்போட்டை என்ர கையிலை தந்து, 'நீ முதல் போ, நான் பிறகு வாறன்' எண்டவன். அவன்தான் பீலிக்ஸ் சவரிமுத்து. பிறகு அவன் வரேல்லை. அவனுக்கும் ஒருத்தரும் இல்லை."

கொறற்றி மடியிலிருந்த படிவத்தை நேராக்கினாள். பிறகு பேனாவை எடுத்துக் கட்டத்தில் சவரிமுத்து என்று எழுதினாள்.

"அப்ப உங்கட பேர் என்னப்பா?"

இருபத்துநாலு வருஷமாக அவரை யாரும் கேட்காத கேள்வி. வாயைத் திறந்தார்.

அதற்குள் கதவு திறந்து, உள்ளேயிருந்து, "சவரிமுத்து!" என்று கூப்பிட்டார்கள்.

"ஓம்" என்று அவர்தான் முதலில் எழுந்தார்.