உள்ளே விட்டு அளக்கணும்!

டமாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரகடம் கூட்டு ரோட்டு ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தார் பரசுராமன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர்.

"மேடம், கம்பெனி கேம்ப்ல வயித்து மேல வச்சு ஸ்கேன் பண்ணாங்க. பிராஸ்டேட் வீங்கிகினு கீதாம். ஆபரேஷனா, மாத்திரையே போதுமான்னு சந்தேகமா கீது."

"வயித்து மேல எடுத்தா அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். துல்லியமா பார்க்க இன்னொரு ஸ்கேன் இருக்கு. ஆனா..." டாக்டர் சுபஸ்ரீ தயங்கினார். "கருவியைப் பின்பக்கமா உள்ளே விடணும்."

"வுடுங்க!"

"சங்கடமா இருக்கும்."

"இருக்கட்டுமே மேடம். அளவு கரெக்டா வரணும், அதான் முக்கியம்."

டாக்டர் அசந்துபோனார். "இதைச் சொன்னதுமே எழுந்து ஓடுறவங்கதான் அதிகம். உங்க தைரியத்தைப் பாராட்டணும். வாங்க, படுங்க."

"ஐயோ, எனக்கு இல்ல மேடம்! வெளிய கார்ல கூச்சப்பட்டுகினு குந்திகினு கீறாரே எங்க குவாலிட்டி மேனேஜர், அவருக்கு. 'மேலாக்க அளந்து ஏமாத்தாதே, கேஜ் கருவியை உள்ள வுட்டு அளந்து காட்டு'ன்னு தெனம் எங்க பீஸையெல்லாம் ரிஜெக்ட் பண்றவரே அவருதான்!"