முப்பத்தொன்றாம் தேதி

அவன் கண்கள் இடப்பக்கம் போயின.

அவள் குறித்துக்கொண்டாள். 11.20. இடது.

நேர்காணலுக்கு வந்திருப்பவன் பெயர் இசக்கிராஜா. சங்கரன்கோவிலில், தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவள் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு அவன் முகம். மற்றபடி திரை முழுவதும் அவன் கணினிதான். அவன் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் கோயம்புத்தூரில் அவளுக்குத் தெரியும்.

கேள்வி எளிது. ஒரு தேதியைக் கொடுத்தால் அடுத்த மாதம் அதே தேதியைச் சொல்லும் நிரல். பத்து வரிகூட வராது.

மூன்றாம் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அது அவளுடைய நிரல்.

ஆறு வருடங்களுக்கு முன் புனைபெயரில் ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். இணையதளம் செய்பவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்ள நாற்பது துணுக்கு நிரல்கள். இது பதினேழாவது. தேடினால் முதலில் வருவது இதுதான். எல்லோரும் எடுக்கிறார்கள்.

நிரலுக்குள் அவள் வைத்த பெயர்களைக்கூட இவன் மாற்றவில்லை.

அதில் ஒரு பிழை உண்டு.

ஜனவரி 31-இல் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது. நிரல் நின்றுவிடாது. புகாரும் சொல்லாது. சத்தமில்லாமல் மார்ச் மூன்றுக்குத் தாவிவிடும்.

பிழை அவளுக்குத் தெரியும். முதலில் திருத்த நேரமில்லை. பிறகு ஒரு நேர்காணலில் யாரோ ஒருவன் அதே பிழையை அப்படியே எழுதிக் காட்டினான். அதற்குப் பிறகு திருத்த மனம் வரவில்லை.

இப்போது எல்லோரிடமும் இந்தக் கேள்விதான். பதினொரு பேர் சிக்கியிருக்கிறார்கள். காப்பியடிப்பவனை மோப்பம் பிடிப்பதில் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு.

ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து பிரகதீஷ் செய்தி அனுப்பினான்.

'ஏனுங்க்கா, சிக்கிட்டானா? காபி சொல்லட்டுங்களா, இன்னும் கொஞ்சம் ஓடவுட்டுப் புடிப்பீங்களா?'

'இரு.'

நான்காம் வரி. ஐந்து. ஆறு.

பிழை ஏழாம் வரியில்.

காத்திருந்தாள்.

அவன் கை நின்றது.

ஏழாம் வரி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று வரிகள் எழுதினான். அடுத்த மாதத்தின் கடைசி நாள் எது என்று பார். தேதி அதைத் தாண்டினால் அங்கேயே நிறுத்து.

ஜனவரி 31 கொடுத்து ஓட்டிப் பார்த்தான். பிப்ரவரி 28 வந்தது.

"இது நீங்களே எழுதினதா?"

"இல்ல மேடம். நெட்ல எடுத்தது. இந்த மூணு வரி மட்டும் நம்மது."

சிக்கியவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் மாத்தினீங்க?"

"எங்க ஊர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி மேடம். மாசாமாசம் ஊசி போட வாறவங்களுக்கு ஞாபகப்படுத்தி மெசேஜ் போகும். நாந்தான் செஞ்சு குடுத்தேன். மொதல்ல அந்த வரிய அப்படியே போட்டுட்டேன். நாலு பேருக்கு பிப்ரவரில மெசேஜே போகல."

அவள் அந்த மூன்று வரிகளை மறுபடி பார்த்தாள்.

"மூணு பேரு அவங்களா தேதி பாத்து வந்துட்டாங்க மேடம்."

நான்காவது ஆளைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"அந்தப் பக்கத்துலயே கீழ எழுதிப் போட்டேன், தப்பு இருக்கு, திருத்துங்கன்னு. ரெண்டு மட்டம். ரெண்டையும் அழிச்சுட்டாங்க."

அவளுக்கு நினைவிருந்தது. முதல் குறிப்பு இரண்டு வரி. அடுத்தது நீளம், அதில் ஆஸ்பத்திரி என்ற சொல் இருந்தது. அதற்குமேல் படிக்காமல் அழித்தாள். குறிப்பு அங்கே கிடந்தால் எடுப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

அழித்தது அவள்தான் என்று இவனுக்குத் தெரியுமா?

தபால்தலை அளவு முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

அவன் விண்ணப்பத்தைத் திறந்தாள். வயது இருபத்தாறு. நான்கு வருட அனுபவம். இப்போது வாங்கும் சம்பளம் இங்கே தரப்போவதைவிட அதிகம்.

எங்கள் நிறுவனத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?

அதற்கு எழுதியிருந்தான்: 'அங்கே நேர்காணலுக்கு வந்த நண்பர் சொன்னார். என்ன கேள்வி கேட்டார்கள் என்றும் சொன்னார்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"சரி, இசக்கிராஜா. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல மேடம். கேக்க ஒண்ணுமில்ல."

வணக்கம் சொன்னான். ஆனால் தொடர்பைத் துண்டிக்கவில்லை. அவன் கணினி இன்னும் அவள் திரையில்தான் இருந்தது.

அதில் ஒரு புதிய பக்கம் திறந்தது.

அவளுடைய வலைப்பூ. பதினேழாவது துணுக்கு. ஏழாம் வரி தெரியும்படி நகர்த்தி வைத்தான்.

பக்கத்தைப் புதுப்பித்தான். வட்டம் சுழன்றது. அதே ஏழாம் வரி வந்தது.

அவளும் தன் மற்றொரு திரையில் அதைத் திறந்தாள். அவளுக்கு மட்டும் மேலே 'திருத்து' என்றொரு பொத்தான் இருக்கும். இரண்டு நிமிட வேலை.

இங்கே திருத்தினால் அங்கே தெரிந்துவிடும்.

பிரகதீஷ் மறுபடி கேட்டிருந்தான். 'என்னங்க்கா, பன்னெண்டா?'

இசக்கிராஜா அவசரப்படவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மறுபடி புதுப்பித்தான்.