பீரோ பஞ்சாயத்து

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: பிரிந்துவிடுவதென்று முடிவெடுத்த மகன், மருமகள், இருவரின் அப்பாக்கள்.

சாமான்களைப் பிரித்ததும் மருமகள் பிறந்த வீட்டுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. முதல் சாமானிலேயே பேச்சு முட்டிக்கொண்டது.

"பீரோ நான் வாங்கிக் கொடுத்தது, சம்பந்தி" என்றார் பெண்ணின் அப்பா.

"பூட்டு நான் மாத்தினது. அதைக் கழட்டி வச்சிட்டுக் கொண்டுபோங்க!"

"பூட்டில்லாத பீரோவுல கோழியா அடைக்கறது?"

பொழுது சாய்ந்தும் பேச்சு பூட்டைத் தாண்டவில்லை.

மருமகள் கணவனிடம் கிசுகிசுத்தாள். "ஏங்க, உங்கப்பாவுக்கு பிரஷர் ஏறப்போகுது."

"உங்கப்பா மட்டும் என்னவாம்? வா, ரெண்டு பேருக்கும் காப்பி போடுவோம்."

அடுப்படிக்குப் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. "இவங்களுக்கு நாமளே தேவலை" என்ற மருமகளின் குரலும், கூடவே இருவரின் சிரிப்பும் கேட்டன.

பையனின் அப்பா குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, காலையில டீக்கடையில பேசி வச்சதெல்லாம் தீர்ந்துபோச்சு. இன்னும் இழுக்கணும்னா?"

"கட்டில் இருக்கே. நாளைக்கு அதுக்கு அடிச்சுக்குவோம்."

அதற்குத் தேவை வரவில்லை. மருமகள் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

ஒரு பீரோவுக்காக அந்தக் குடும்பத்தின் சம்பந்திகள் சண்டை போட்டார்கள் என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். அவர்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.