அறுபத்து நாலாம் பக்கம்

போன் அடித்தபோது அவள், 'மன அழுத்தத்தை அறவே தவிர்க்கவும்' என்ற வரியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது அவள் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி, ஈரக் காகிதத்தை அனுப்பிய கடைக்காரனைப் போனில் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மெஷின் தடதடத்தது. அழுத்தத்தைத் தவிர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்ன.

புத்தகத்தின் பெயர் 'கர்ப்பப்பைக் கட்டிக்குக் கத்தி வேண்டாம்'. நான்காம் பதிப்பு. சர்க்கரையை விடு, காபியை விடு, பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடு. காலையில் ஆளிவிதைப் பொடி, மாலையில் கிரீன் டீ, படுக்கும் முன் அடிவயிற்றில் விளக்கெண்ணெய் நனைத்த துணி. கட்டி தானாகக் கரைந்துவிடும்.

கட்டியும் இதையெல்லாம் படித்திருந்தால் கரைந்திருக்கும்தான்.

அவளுடைய கட்டிக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. ஒன்றரை வருடமாக அவள் ஒரு வரி பிசகாமல் நடந்துகொண்டும், எலுமிச்சை அளவில் இருந்தது ஆரஞ்சாகத் தேறிவிட்டது. ஆளிவிதை அதற்கு நன்றாக ஒத்துக்கொண்டது போல.

மாதத்தில் பன்னிரண்டு நாள் ரத்தம். கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் உடுத்தி நாளாயிற்று. நாற்காலியில் கழிவுத்தாளை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருகிறாள். அச்சகத்தில் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் அதற்கு இல்லை.

ஆபரேஷனுக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து சேரச் சொல்லி ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டைப் புரூஃப் கட்டுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தாள். இது மூன்றாவது தேதி. முதல் இரண்டையும் அவளே தள்ளிப்போட்டாள். "உடம்புல ரத்தமே இல்லைங்கறான் டாக்டர், உனக்கு என்னடி பிடிவாதம்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். காரணத்தை அக்காவிடம்கூடச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்தத் தேதியையும் தள்ளிப்போடத்தான் இருந்தாள்.

புத்தகத்தை எழுதியவர் ஓர் இயற்கை வைத்தியர். அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'இயற்கை' தான். நேற்றே புரூஃப் பார்க்க வந்திருக்க வேண்டும், வரவில்லை. பல்வலியாம். மரக்க ஊசி போட்டுப் பிடுங்கிக்கொண்டு, வேளைக்கு இரண்டு மாத்திரை விழுங்கிப் படுத்திருக்கிறார். பல்லுக்கு ஓர் அத்தியாயம் எழுத மறந்துவிட்டார், பாவம்.

அவர் எழுதியதே அறுபத்து மூன்று பக்கம்தான். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும் என்பதால் முதல் பதிப்பில் கடைசிப் பக்கம் மொட்டையாக நின்றது. மொட்டைப் பக்கத்தைப் பார்த்தால் முதலாளிக்குக் காய்ச்சலே வந்துவிடும். நல்லவேளையாக, பலனடைந்த வாசகி ஒருத்தியின் கடிதம் வந்து அந்த இடத்தை அடைத்தது. 'மூன்றே மாதத்தில் என் கட்டி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.' புத்தகம் விற்றதே அந்தக் கடிதத்தால்தான்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

புத்தகத்தில் அச்சகத்தின் நம்பர்தான் இருக்கிறது. ஆகவே வாரத்துக்கு நாலு பேராவது கூப்பிடுவார்கள், எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். 'அவங்களுக்கென்ன, ஜம்முனு இருக்காங்க' என்பது முதலாளி சொல்லிக்கொடுத்த பதில். அதை இவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

இன்றைக்குக் கூப்பிட்டது ஒரு மெல்லிய குரல். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. தனக்கு நாளைக்கு ஆபரேஷன் என்றும், நாலு படி ஏறினால் கண் இருட்டுகிறது என்றும் சொன்னது. இன்று காலைதான் யாரோ இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்களாம்.

"கடைசிப் பக்கத்துல ஒரு அம்மா எழுதியிருக்காங்களே, அவங்க இப்ப நல்லா இருக்காங்களா? நீங்க ஆமான்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுவேன்."

அவளுக்கும் மாடிப்படியில் கண் இருட்டும். காலையில்கூடப் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தாள்.

முதலாளி தடுப்புக்குப் பின்னால் இன்னும் ஈரக் காகிதத்தில்தான் இருந்தார்.

"அந்தம்மாவும் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில சேர்றாங்க. அதே கட்டிக்குத்தான். நீங்களும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துடுங்க."

நிச்சயமாகத் தெரியுமா என்று அந்தக் குரல் கேட்டது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அறுபத்து நாலாம் பக்கத்தை எடுத்தாள். அவள் எழுதிய கடிதம்தான். ஆளிவிதை தின்ன ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள், ரத்தம் நின்றிருந்த சந்தோஷத்தில், மூன்று மாதத்தில் எப்படியும் கரைந்துவிடும் என்று நம்பி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் கரைந்துவிட்டது என்று சொன்னவள் எந்த முகத்தோடு போய் ஆபரேஷன் மேஜையில் படுப்பாள்? வெட்கமாக இருந்தது. இவளை நம்பி எத்தனை பேர் தேதியைத் தள்ளிப்போட்டார்களோ.

சிவப்புப் பேனாவால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, லீவு கேட்க முதலாளியின் அறைக்குப் போனாள்.