காலி பாட்டில்கள்

பள்ளி அரங்கின் ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயிலில், மேடையோரம் குவித்த பிளாஸ்டிக் பாட்டில்கள் மினுங்குகின்றன. மறுசுழற்சிப் போட்டிக்கு அதிகம் சேகரித்து முதல் பரிசு வாங்கிய மூன்றாம் வகுப்புக்காரி, கோப்பையை இடுக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடி வருகிறாள். ஆபீசில் பொறுக்கியதாக அவர் கொடுத்ததில் பாதி, மகள் தோற்றுவிடக் கூடாதென்று நேற்று கடையில் புதிதாக வாங்கி, தண்ணீரைக் குளியலறையில் கவிழ்த்துக் காலியாக்கியவை. லேபிள்கூடக் கசங்கவில்லை. நாற்காலிக்கடியில் யாரோ பாதி குடித்துப் போட்ட பாட்டில் ஒன்று கிடக்கிறது. அவள் குனிந்து எடுத்து, மிச்சத் தண்ணீரை வாசல் தொட்டிச் செடிக்குச் சிந்தாமல் ஊற்றுகிறாள். "வீணாக்கக் கூடாதுல்லப்பா?"

"ஆமாடா கண்ணு."

கடைசிச் சொட்டும் விழும்வரை பாட்டிலை உதறிவிட்டு நீட்டுகிறாள். "பிடிங்கப்பா. இப்பத்தான் இது காலி பாட்டில்."

வாங்க அவருக்குக் கை வரவில்லை.